வெள்ளம் வந்த ஞாயிறும் அதற்குப் பிறகும்: சபைப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோக, பயணிகள் நூற்றுக்கணக்கில் வெளியே வர வழியில்லாமல் தவித்தார்கள்.

இந்தப் பக்கத்துச் சேகரங்களை அறிந்தவர்களுக்கு அடுத்து நான் சொல்ல வருவது புரியும். சேகரத் தலைமை இடத்தில் ஒரு குருவானவர் இருப்பார். அவர் பொறுப்பில் பல கிராமச் சபைகள் இருக்கும். சாலை அறுந்து செல்போன் டவரும் படுத்துவிட்டால் அவரால் எந்த ஊருக்கும் போக முடியாது. அந்த நாட்களில் சபையை நடத்துகிறவர்கள் ஊரிலேயே இருக்கிற உபதேசியாரும் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்), ஓய்வுநாள் பள்ளி டீச்சரும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரும், கோயில் மணி அடிக்கிற தம்பியும்தான். அவர்களில் பலர் போன மாதம்தான் பொறுப்புக்கு வந்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. வெள்ளத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், வறட்சி, கொள்ளைநோய், கடலில் நேரும் இழப்பு, ஊரே வேலையிழந்து நிற்கும் காலம் எதற்கும் அடிப்படை வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷ்டம் தீரட்டும், நிலைமை சரியானதும் தலைவர்களுக்குப் பயிற்சி வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கஷ்டமே பயிற்சிக்கூடம். எந்த வேலையை யாரிடம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த பத்து ஆண்டுக்கான தலைவர்கள் உருவாகிறார்கள்.

முதல் படி: வீட்டுப் பட்டியல்

சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், கலியாணம், அடக்கம் எல்லாம் இருக்கும். நெருக்கடி நேரத்தில் தேவைப்படுகிற விவரம் அதில் இருக்காது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தெருத் தெருவாக இதையெல்லாம் எழுதுங்கள்: தனியாக இருக்கும் முதியவர்கள் யார்? பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவர்கள் போன் நம்பர் என்ன? சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள் யார் யார்? எந்த வீடு தாழ்வான இடத்தில் இருக்கிறது, எது மண் சுவர்? மாடி வீடு யாருடையது, யாரிடம் டிராக்டர் இருக்கிறது, யாருக்கு நீச்சல் தெரியும், நர்ஸாக வேலை பார்த்தவர் யார்? தேவை ஒரு பக்கமும் அதைத் தீர்க்கக்கூடிய ஆள் மறுபக்கமும் இருக்கும்படி எழுதினால், பார்த்தவுடன் வேலை ஓடும்.

சபை வீடுகளை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். அடுத்த வீட்டில் இருக்கிற இந்துப் பாட்டியும், வாடகைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிகளும் அதே தண்ணீரில்தான் நிற்பார்கள். அவர்களையும் சேருங்கள்.

நோட்டைத் தாளில்தான் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது என்று நம்பியிருந்தால் டவர் போகும்போது பட்டியலும் போய்விடும். இரண்டு நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு வேறு தெருக்களில் உள்ள வீடுகளில் வையுங்கள். நோய் விவரம் எழுதியிருப்பதால் அது எல்லார் கைக்கும் போகக் கூடாது.

இரண்டாம் படி: ஆட்களைத் தெரிந்தெடுப்பது

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிற இடம் இது. மற்றப் படிகளைவிட இதில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்து, இப்படியே போனால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். கிராமச் சபைக்குத் தேவையானது அந்தக் கடைசிக் கணக்கு. பத்து வீட்டுக்கு இரண்டு பேர். ஐம்பது வீட்டுச் சபையில் பத்துப் பேர் இருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் தங்கள் பத்து வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது மட்டுமே அவர்கள் முதல் வேலை.

யாரை எடுப்பது? அப்போஸ்தலர் 6-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில், அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசுகிறவர்களுடைய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. சபையார் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். ஆக, எந்தப் பக்கத்திலிருந்து முறையீடு வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். நிவாரணப் பொருள் எப்போதும் கடைசியில் போய்ச் சேர்கிற தெரு எது? அந்தத் தெருவிலிருந்து ஆள் எடுத்தீர்களா? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோரத்தில் தலித் குடும்பங்கள் முகாம்களிலும் பொருள் விநியோகத்திலும் ஒதுக்கப்பட்டது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. சபைக்குள் சாதி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்வது எளிது. அரிசி மூட்டையைப் பிரிக்கிற கை யாருடையது என்பதில்தான் அது தெரியும்.

அதேபோல் பெண்கள். வீட்டுக்குள் யார் சாப்பிடவில்லை, எந்த மருமகள் அழுதுகொண்டிருக்கிறாள், யார் வீட்டில் பால் பவுடர் இல்லை என்பது பெண்கள் சங்கத்து அக்காமார்களுக்குத் தெரிகிற அளவு சபைக் கமிட்டிக்குத் தெரியாது. இரண்டு பேர் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

மைக்கைப் பிடித்து நன்றாக ஜெபிக்கிறவர், கமிட்டித் தேர்தலில் நிற்கிறவர், பெரிய காணிக்கை கொடுக்கிறவர் என்று கண் முதலில் அங்கேதான் போகும். நான் பார்க்கச் சொல்வது வேறு ஆளை. யாரும் கேட்காமலேயே அடுத்த வீட்டுக் கிழவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது யார்? சொன்ன நேரத்துக்கு வருகிறது யார்? கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கத் தெரிந்தது யார்? இந்த மூன்றும் இருந்தால் பேச்சுத்திறனைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம். 1 தீமோத்தேயு 3-ல் நூதன சீஷனைக் கண்காணியாக (சபை மேற்பார்வையாளராக) வைக்க வேண்டாம் என்று பவுல் எச்சரிக்கிறார். புதிதாக விசுவாசத்துக்கு வந்த வாலிபனிடம் வேலை கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். பதவியை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: பணமும் பொருளும்

ஊழியத்தில் பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பவுல் எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்த்தபோது அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவை அனுப்புகிறார். கூடவே சபைகள் தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் அனுப்புகிறார். யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். 2 கொரிந்தியர் 8-ஐ உங்கள் குழுவோடு முதல் வாரத்திலேயே வாசியுங்கள்.

நடைமுறை இதுதான். பணத்தை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. வந்த பொருளும் போன பொருளும் அன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மொத்தக் கணக்கை ஆலயச் சுவரில் ஒட்டுங்கள். பெற்றுக்கொண்டவர்கள் பெயரை ஒட்டாதீர்கள். அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கும் பழக்கத்தை உங்கள் சபையில் அடியோடு நிறுத்துங்கள். அந்தப் போட்டோவில் தலைகுனிந்து நிற்கிற தகப்பனின் பிள்ளை நாளைக்கு ஓய்வுநாள் பள்ளிக்கு வர வெட்கப்படும்.

யாருக்கு முதலில் என்ற விதியைப் பொருள் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். லாரி வந்து நின்ற பிறகு விதி எழுத முடியாது. தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை உள்ள வீடு, கூலி இல்லாத வீடு, வீடிழந்தவர் என்று வரிசை போட்டு, குழுவில் எல்லாரும் கையெழுத்திடுங்கள். குழுவில் உள்ளவர் வீட்டுக்கும் உதவி தேவைப்பட்டால், அதை மற்றவர்கள் முடிவு செய்யட்டும்.

வெளியூர்ச் சபைகள் என்ன அனுப்பட்டும் என்று கேட்டால் வெட்கப்படாமல் குறிப்பாகச் சொல்லுங்கள்: பாய், போர்வை, புது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், கொசுவலை, மண்ணெண்ணெய் இல்லாமல் எரிகிற விளக்கு. சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. மனிதர்கள் அதைத் தொட விரும்பவில்லை.

உள்ளூர்க் காணிக்கையைச் சிறிது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைக்கும் பிடி அரிசிக் காணிக்கை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது. நல்ல காலத்தில் அதைத் தொடர்ந்து நடத்திவந்த சபை, கெட்ட காலத்தில் முதல் மூன்று நாளை யாரையும் எதிர்பார்க்காமல் தாண்டிவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பரோ சபையோ பணம் அனுப்ப முன்வந்தால் உடனே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அந்தப் பணத்தை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் குறிப்பிட்ட கணக்குக்குத்தான் வர வேண்டும், வாங்கிய அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. டயோசீஸ் (திருமண்டல) அலுவலகத்தைக் கேட்காமல் இதில் ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

நான்காம் படி: துக்க வீட்டில் உட்காருவது

புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பயமான வேலை வேறில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் எதையாவது சொல்லிவிடுகிறோம். யோபுவின் மூன்று நண்பர்களும் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் தவறு தொடங்கியது.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருங்கள். "மதினி, சாப்டீங்களா?" என்பது போதுமான ஆரம்பம். "தேவ சித்தம்", "அவர் நல்ல இடத்துக்குப் போய்ட்டார், அழக் கூடாது", "விசுவாசம் இருந்தா தாங்கிக்கலாம்" என்பவற்றை உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் ஏதோ பாவம் இருந்திருக்கும் என்று யாராவது கிசுகிசுத்தால் அங்கேயே மெதுவாக, ஆனால் தெளிவாக மறுத்துவிடுங்கள். இயேசு லாசருவின் கல்லறையண்டை அழுதார். அழ இடம் கொடுப்பதும் ஊழியம்தான்.

வாசிக்க வேண்டுமென்றால் சங்கீதம் 13-ஐ வாசியுங்கள். 88-ஐயும் பயப்படாமல் வாசிக்கலாம். அது இருளிலேயே முடிகிற சங்கீதம். வேதாகமத்திலேயே இப்படி ஒரு ஜெபம் இருக்கிறது என்று அறிவது சிலருக்குப் பெரிய ஆறுதலைத் தரும். ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

கடலோரச் சபைகளில் இன்னொரு பாரம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் முடிவடைவதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டாரிடம் நினைவு ஆராதனைக்குத் தேதி குறிக்க நீங்கள் அவசரப்படக் கூடாது. அவர்களாகக் கேட்கும் நாள் வரட்டும். அதுவரை மாதத்துக்கு ஒரு முறையாவது போய்க்கொண்டே இருங்கள். கூட்டம் கலைந்த மூன்றாம் மாதத்தில் போகிற ஆளைத்தான் அந்த வீடு மறக்காது.

சில அறிகுறிகளை உங்கள் குழுவுக்குக் கற்றுக்கொடுங்கள். நாள் கணக்கில் தூங்காமை, யாரோடும் பேசாமை, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு, பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுதல், திடீரென்று குடி கூடுதல். இவற்றைக் கண்டால் அந்த ஆளைத் தனியாக விடாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 இரண்டும் கட்டணமில்லாத எண்கள், தமிழில் பேசலாம். ஜெபமும் மருத்துவமும் சேர்ந்தே போகட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள் என்று சொல்லும் உரிமை எந்த ஊழியருக்கும் இல்லை.

ஐந்தாம் படி: ஆராதனை

சுருக்கமாகச் சொல்லலாம். ஆராதனையை நிறுத்தாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் ஊரடங்குக்குள் வந்தபோது, குடும்பங்கள் வீட்டிலேயே ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம் என்று ஆசரித்தன. அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். வீட்டில் நடத்தக்கூடிய பதினைந்து நிமிட ஆராதனை முறை ஒன்றை ஒரே பக்கத்தில் அச்சடித்து எல்லா வீட்டிலும் வைத்திருங்கள். குடும்பத் தலைவர் இல்லாத வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்ணால்கூட நடத்த முடிகிற எளிமை அதில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். முகாம் போட்டிருக்கும் நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் பாட்டும் விளையாட்டும் வைத்தாலே அவர்கள் பயம் பாதி இறங்கும். ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். ஏதாவது தவறு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸில் சொல்ல வேண்டியது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

ஆறாம் படி: வாராந்தரப் பயிற்சி

தெரிந்தெடுத்த ஆட்களை வேலையில் விட்டுவிட்டோம். இனி வாரத்துக்கு ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், தவறாமல் கூட வேண்டும். எத்தனை வேலை இருந்தாலும் இந்தக் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். வேலை செய்கிறவர்கள் யோசிப்பதற்கும் அழுவதற்கும் இந்த ஒரு மாலைதான் உண்டு.

முதல் அரைமணி நேரம் அறிக்கை. ஒவ்வொரு இருவரும் தங்கள் பத்து வீட்டில் கண்டதைச் சொல்வார்கள். எது கஷ்டமாக இருந்தது, எங்கே வாயடைத்து நின்றார்கள் என்பதையும் சொல்லட்டும். கேட்டதும் அறிவுரை கொட்டாதீர்கள். "அடுத்த தடவை என்ன செய்யலாம்னு நெனைக்கீங்க?" என்று அவர்களிடமே கேளுங்கள். அடுத்த அரைமணி வேதபாடம். அந்த வார வேலையோடு ஒட்டிய பகுதியாக இருக்க வேண்டும். பணம் கையாளும் வாரம் 2 கொரிந்தியர் 8, பங்கிடும் வாரம் அப்போஸ்தலர் 6, துக்க வீடுகளின் வாரம் யோபு 2, பஞ்சம் பற்றிப் பேசும்போது அந்தியோகியா சபை யூதேயாவுக்கு உதவி அனுப்பிய அப்போஸ்தலர் 11. கடைசி அரைமணி ஒரு செய்முறைப் பயிற்சி: வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பது, விண்ணப்பம் எழுதுவது, ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிச் செல்வது, மூன்று நிமிடத்தில் சாட்சி சொல்வது, ஏழு நிமிடத்தில் ஒரே வசனத்திலிருந்து ஒரே கருத்தைப் பேசுவது. முடிவில் ஒருவருக்காக ஒருவர் ஜெபம்.

கற்றுக்கொடுக்கும் வரிசை எளிது. முதலில் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து செய்யுங்கள். பிறகு அவர் செய்யட்டும், நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருங்கள். பிறகு அவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். நான்காவது கட்டத்தில்தான் நம்மில் பலர் தோற்கிறோம். நாம் இல்லாமலும் வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்துக்கொள்ள மனம் வருவதில்லை. பவுல் 2 தீமோத்தேயு 2:2-ல் ஒரே வாக்கியத்தில் நான்கு தலைமுறையை வைக்கிறார்: தான், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகும் மற்றவர்கள். உங்கள் பயிற்சியும் அந்த நான்காம் ஆளைக் கண்ணில் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

இது நம் மண்ணில் புதிய முறையும் அல்ல. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பத்தே ஆண்டில், 1716-ல், உள்ளூர் ஆட்களை உபதேசியார்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்றுவிக்கப் பள்ளி தொடங்கினார். அங்கேயிருந்து வளர்ந்த மிஷனில் ஆரோன் என்ற தமிழர் பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராக உழைத்த பிறகு 1733-ல் குருப்பட்டம் பெற்றார். முதலில் வேலை, பிறகு பட்டம். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-ல் (இன்றைய தெலங்கானாவில் உள்ள) தோர்ணக்கலின் பேராயரானபோது, தெலுங்கு கிராமங்களில் அவருக்கு முன்னே நின்றது ஏழைகளும் எழுத்தறியாதவர்களுமான ஜனம். அவர் கிராமத்து உபதேசியார்களையும் குருக்களையும் அங்கிருந்தே எடுத்தார். தோர்ணக்கலில் மாணவர்கள் மனைவியரோடு வந்து தங்கினார்கள், மனைவியருக்கும் பாடம் நடந்தது. கிராமத்தில் ஊழியம் செய்யப்போவது ஒரு ஆள் மட்டுமல்ல, ஒரு வீடு என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றைக்கும் கணவனை மட்டும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு மனைவியை விருந்து சமைக்க வைக்கிற சபைகள் இதைக் கவனிக்கலாம்.

ஒரு வருடம் இப்படி உழைத்தவர்களில் ஓரிருவருக்கு முறையாகப் படிக்கும் ஆசை வரும். வேலையை விடாமல் படிக்க, 1971-ல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ போன்ற விரிவாக்க இறையியல் படிப்புகள் இருக்கின்றன. குருத்துவப் படிப்புக்கு மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அனுப்பும் கடிதத்தில், அவர் எந்தப் பத்து வீட்டைப் பார்த்துக்கொண்டார் என்று எழுதுங்கள். அதைவிட நல்ல சிபாரிசு இல்லை.

ஏழாம் படி: அக்கம்பக்கம், அரசாங்கம்

உதவியைத் தூண்டிலாக்காதீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் திருநெல்வேலிச் சபைகள் மிகுந்த நிவாரண வேலை செய்தன. மிஷனரிகள் கால்டுவெல்லும் சார்ஜெண்டும் அந்தப் பகுதியில் உதவிப் பேராயர்களாக ஆன ஆண்டும் 1877தான். பல ஆயிரம் பேர் அப்போது சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது, இன்னும் போகவில்லை. வந்தவர்களில் பலர் உண்மையாகவே நிலைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனாலும் பசித்தவனிடம் விசுவாசத்தைப் பேசும் நேரத்தையும் விதத்தையும் குறித்து நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொட்டலம் வாங்க ஜெபத்தில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. பொட்டலத்துக்குள் துண்டுப்பிரதி வைப்பதும் வேண்டாம். ஏன் உதவுகிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால், மனம் திறந்து சொல்லுங்கள்.

2023 வெள்ளத்தில் செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தது. அந்த மனிதர்களோடு நமக்கு முன்னமே பழக்கம் இருக்க வேண்டும். ஜமாஅத் தலைவர், கோயில் தர்மகர்த்தா, ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், வி.ஏ.ஓ. இவர்களை நல்ல காலத்திலேயே போய்ப் பார்த்து, எங்கள் கோயில் கட்டடத்தில் இத்தனை பேர் தங்கலாம், இத்தனை கழிப்பறை இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.

அரசு உதவியை வாங்கிக் கொடுப்பதும் ஊழியமே. அந்த வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. உதவி கார்டு வழியாக வரும் என்றால், கார்டு இல்லாத தனி ஆளும் பெயர் நீக்கப்பட்ட விதவையும் விடுபட்டுப்போவார்கள். அதனால் படித்த வாலிபர்கள் இருவரை இதற்கென்றே வையுங்கள். நனைந்துபோன கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகத்துக்கு இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பிப்பது, விதவை ஓய்வூதியம், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவு எல்லாம் அவர்கள் வேலை. பேரிடர் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, பெண்களுக்கு உதவி 181. இவற்றை ஆலய வாசலில் பெயிண்டில் எழுதிவையுங்கள்.

எட்டாம் படி: உழைக்கிறவர்களைக் காப்பது

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றபோது தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். உங்கள் குழுவில் எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு இருக்கட்டும், குருவானவருக்கும் சேர்த்துத்தான். உபதேசியார் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காணிக்கை குறைந்த மாதங்களில் முதலில் அடிபடுவது அவர் சம்பளம். ஊருக்கெல்லாம் பையைச் சுமந்து கொடுக்கிறவர் தன் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் இருக்கலாம். சபைக் கமிட்டிச் செலவுப் பட்டியலில் அவர் சம்பளம் மேலே இருக்க வேண்டும், நிவாரணம் அதற்கு அடுத்து.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொறுப்பை மாற்றுங்கள். பணம் பார்த்தவர் வீடுகளுக்குப் போகட்டும், வீடுகளுக்குப் போனவர் கணக்கு எழுதட்டும். யாரும் தன் வேலையைத் தன் சொத்தாக நினைக்க ஆரம்பிக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். மாற்றும்போது பழைய ஆளும் புதிய ஆளும் இரண்டு வாரம் சேர்ந்தே போக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒத்திகை பாருங்கள். வீட்டுப் பட்டியலை எடுத்து, அந்த வருடம் இறந்தவர், பிறந்தவர், குடிவந்தவர், குடிபோனவர் எல்லாரையும் திருத்துங்கள். தாழ்வான வீட்டுக்காரர்கள் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று அவர்களையே நடந்து போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்திகையை நடத்த வேண்டியது நீங்கள் அல்ல, போன வருடம் முதன்முதலாகப் பத்து வீட்டுக்குப் பொறுப்பெடுத்தவர். நீங்கள் வெளியூர் போயிருப்பதாகவே வைத்துக்கொண்டு அவர் நடத்தட்டும். அவர் திணறுகிற இடங்களைக் குறித்துவைத்து, அடுத்த வாரக் கூட்டத்தில் அவற்றையே பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.